64 மொடல் பீட்டிலுக்குக் கிளச் பிளேட் தேடிய கதை

பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலுக்குக் கிளச் பிளேட் (இஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் தட்டு) வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "எந்த வருசம்?" என்றுதான். என் காருக்கு அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் பொருந்தாத பிளேட்தான் கையில் வரும். பதிவுப் புத்தகத்தில் 1964 என்று இருக்கிறது. 64 பீட்டில் என்றால் 1200 இஞ்சின், 6 வோல்ட் மின்னமைப்பு, 180 மில்லிமீற்றர் பிளேட். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். ஆனால் அறுபது வருசத்தில் ஒரு கார் எத்தனை கராஜ் ஏறி இறங்கியிருக்கும்!

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, மேடும் இல்லை. அதனால் கிளச் வழுக்குவது கனகாலம் தெரியவில்லை. ஏ9 வீதியில் ஒரு லொறியை முந்தப் போனபோதுதான் விளங்கியது. நாலாவது கியரில் அக்சிலறேற்றரை அழுத்த, இஞ்சின் கத்துகிறது, கார் அதே வேகத்தில் போகிறது. பின்னால் கருகல் மணம். கிளச் கேபிளைச் சரிசெய்யலாம் என்று கீழே படுத்துப் பார்த்தேன். கியர்பொக்ஸ் பக்கத்தில் கேபிளின் நுனியில் இருக்கும் சிறகு நட்டை இனித் தளர்த்த இடமில்லை. பிளேட் தேய்ந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கோண்டாவிலில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். நான் பிளேட்டை வாங்கிக்கொண்டே வருகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

"இல்லைத் தம்பி, முதல்ல இஞ்சினை இறக்குவம். உள்ளுக்க என்ன கிடக்கெண்டு தெரியாமல் சாமான் வாங்கினால் காசுதான் போகும்."

சரி, இறக்கினோம். பீட்டிலில் இது பெரிய வேலை இல்லை. இஞ்சினைக் கியர்பொக்ஸோடு பிடித்திருப்பது நாலு போல்ட்தான், மேலே இரண்டு, கீழே இரண்டு. அக்சிலறேற்றர் கேபிள், பெற்றோல் குழாய், வயர்கள் எல்லாம் கழற்றி, ஜக்கில் தாங்கிப் பின்னுக்கு இழுத்து இறக்கினால் முடிந்தது.

இறங்கிய இஞ்சினில் டைனமோ தாங்கிக்குக் கீழே அடித்திருக்கும் இலக்கத்தை அண்ணை துணியால் துடைத்துப் பார்த்தார். 64இன் 1200 இஞ்சின் என்றால் வெறும் இலக்கம்தான் இருக்க வேண்டும், எழுத்து வராது. இதில் முன்னால் 'எச்' இருந்தது. எச் என்றால் 1967 முதல் 1970 வரையான மொடல்களில் வந்த 1500 இஞ்சின், 1493 சீசீ. அந்த இஞ்சினின் பிளைவீல், அதாவது கிளச் பிளேட் ஒட்டி நிற்கும் கனமான சக்கரம், பெரியது. 6 வோல்ட் பிளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130. அதற்குப் பிளேட் 200 மில்லிமீற்றர். கார் நான் வாங்கும்போதே 12 வோல்ட்டாகத்தான் இருந்தது. யாரோ வயரிங்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

கியர்பொக்ஸோ பழையதுதான். அதற்கும் சாட்சி இருந்தது. கிளச்சை மூடும் மணிபோன்ற பகுதியின் உள்சுவரில் கிறைண்டர் போட்ட தழும்பு. 6 வோல்ட் காலத்துக் கியர்பொக்ஸ் பெட்டிக்குள் 130 பல் பிளைவீல் அப்படியே சுழலாது, உள்சுவரில் இடிக்கும். கொஞ்சம் அராவி எடுக்க வேண்டும். அதை யாரோ ஒருவர் பொறுமையாக, அளவோடு செய்திருந்தார். ஆள் யாரென்று தெரிந்தால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம்.

ஆக, இஞ்சின் ஒரு காலத்தது, கியர்பொக்ஸ் இன்னொரு காலத்தது. இந்த நிலையில் காரின் வருசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. பிளேட்டின் வெளிவட்டத்தைத் தீர்மானிப்பது பிளைவீலும், பிளேட்டை அதோடு அழுத்திப் பிடிக்கும் பிறசர் பிளேட்டும், அதாவது இஞ்சின். நடுத் துளையின் பற்களைத் தீர்மானிப்பது கியர்பொக்ஸிலிருந்து நீளும் தண்டு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலரும் கவனிக்காதது. பெடலை மிதிக்கும்போது பிறசர் பிளேட்டைத் தள்ளும் பெயரிங். அது கியர்பொக்ஸ் பக்கத்துச் சாமான். ஆனால் அது போய்த் தொடுவது இஞ்சின் பக்கத்துச் சாமானை. எங்கள் சிக்கலே அதில்தான் இருந்தது.

பற்களில் பிரச்சினை வரவில்லை. 1961க்குப் பிறகு வந்த ஒற்றை வார்ப்புக் கியர்பொக்ஸ்களின் தண்டு பின்னாளைய 200 மில்லிமீற்றர் பிளேட்டையும் ஏற்கும். அதனால்தான் இப்படி இஞ்சின் மாற்றுவதே சாத்தியமாகிறது. பெயரிங் கதை வேறு. பழைய பெட்டியில் பெயரிங் ஒரு கவையில் இரண்டு கிளிப்பால் கொழுவி நிற்கும். கவை திரும்பும்போது பெயரிங் நேர்கோட்டில் போகாது, சிறிய வில்போல வளைந்து வந்து தொடும். அப்படித் தொடுவதற்குத் தட்டையான முகம் வேண்டும் என்பதற்காகப் பிறசர் பிளேட்டின் நடுவில் ஒரு வளையம் வைத்திருப்பார்கள். 1971 மொடலிலிருந்து கியர்பொக்ஸில் ஒரு குழாய் பூட்டி, அதன்மேல் பெயரிங் நேராக ஓடும்படி செய்துவிட்டார்கள். அந்தப் பெயரிங் பிறசர் பிளேட்டின் நடுவை நோக்கி நீளும் விரல்களை நேரடியாகத் தள்ளும். அங்கே வளையம் இருக்கக்கூடாது. எங்கள் பெட்டியில் குழாய் இல்லை. ஆகவே 200 மில்லிமீற்றர், ஆனால் வளையத்தோடு.

இதை ஒரு கடதாசியில் எழுதி, பழைய பிளேட்டையும் பெயரிங்கையும் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் எது வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் கடையில் 180ஐ எடுத்து வைத்தார்கள். அடுத்ததில் 200 செற் இருந்தது, வளையம் இல்லை.

"தம்பி, இதுதான் எல்லாரும் போடுறது. வளையம் இல்லாட்டியும் ஓடும்."

ஓடும் என்பதை நானும் மறுக்கவில்லை. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. பழைய பெயரிங்கின் முகம் விரல் நுனிகளில் கோணலாக உரசினால் விரலும் தேயும், பெயரிங்கும் போகும். பிறகு மறுபடி இஞ்சினை இறக்க வேண்டும். பீட்டில் மெக்ஸிக்கோவில் 2003 வரை உற்பத்தியானது. அதனால் புதுச் சாமானுக்கு இன்றும் பஞ்சமில்லை. கடைகளில் தொங்குவது பெரும்பாலும் பிந்திய மொடலுக்கானது, அவ்வளவுதான். கடைசியில் உள்சந்து ஒன்றில் ஒரு வயதான முதலாளி நான் காட்டிய பெயரிங்கைப் பார்த்ததுமே, வளையம் கம்பிக் கிளிப்பால் பூட்டப்பட்ட பிறசர் பிளேட்டை எடுத்துத் தந்தார். பிந்திய பெட்டிக்குப் போடுவதென்றால் கிளிப்பைக் கழற்றி வளையத்தை எடுத்துவிடலாம். இரண்டு காலத்துக்கும் பொருந்தும்படியே செய்கிறார்கள். வருசத்தை அவர் கேட்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் புதுப் பிளேட்டைப் பிளைவீலில் வைக்கும் முன் கியர்பொக்ஸ் தண்டில் கொழுவிப் பார்த்தோம். இறுகாமலும் ஆடாமலும் கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். போனது. இந்தச் சோதனையை யாரும் விடக்கூடாது. சாமான் வந்த அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த இலக்கத்தைவிட இது நம்பகமானது.

பழைய பிளேட்டில் ஒரு பக்கம் எண்ணெய் பட்டிருந்ததால் பிளைவீலையும் கழற்றினோம். அதன் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றி, இஞ்சினின் பிரதான தண்டான கிராங்கின் முன்பின் அசைவை அளந்தோம். மூன்று மெல்லிய வாசரால் 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் கொண்டுவர வேண்டும். பிளைவீலைப் பிடிக்கும் பெரிய நட்டு 36 மில்லிமீற்றர். முறுக்கு 35 கிலோகிராம் மீற்றர். அந்த அளவுக்கு அண்ணையிடம் டோர்க் ரென்ச் இல்லை. எழுபது கிலோ ஆள் ஒருவர் அரை மீற்றர் தள்ளி நீட்டுக்குழாயில் நின்றால் கணக்குச் சரி என்றார். என் நிறை கிட்டத்தட்ட அதுதான், ஏறி நின்றேன். அந்த நட்டுக்குள்ளேயே கியர்பொக்ஸ் தண்டின் நுனி ஓடும் ஊசி பெயரிங் இருக்கிறது. அதற்கு ஒரு பொட்டு கிறீஸ் போதும், கூடினால் பிளேட்டில் தெறிக்கும். பிளேட்டின் புடைத்த நடுப்பகுதி கியர்பொக்ஸைப் பார்க்க வேண்டும். பழைய தண்டுத் துண்டு ஒன்றால் மையப்படுத்தி, பிறசர் பிளேட் போல்ட்களைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். புதுப் பெயரிங்கும் பழையதைப் போலவே கிளிப் வைத்தது.

இஞ்சினை ஏற்றி ஓடிப் பார்த்தால் வழுக்கல் போய்விட்டது, ஆனால் முதல் கியரில் புறப்படும்போது கார் நடுங்கியது. பிளேட்டில்தான் பிழை என்று எனக்குச் சந்தேகம். அண்ணை இஞ்சின் பக்கமே போகவில்லை. கிளச் கேபிள் கியர்பொக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. அது 25 முதல் 45 மில்லிமீற்றர் வரை தொய்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கிளச் இப்படித்தான் உதறும். எங்களுடையது விறைத்து நேராக நின்றது. குழாய்க்கும் தாங்கிக்கும் நடுவில் வாசர் போட்டுத் தொய்வைக் கூட்டினார். நடுக்கம் நின்றது. சிறகு நட்டைத் திருப்பி, பெடலை மிதிக்கத் தொடங்கும்போது 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை அது வெறுமையாகப் போகும்படி வைத்தோம். புதுப் பிளேட் படியப் படிய அந்த இடைவெளி குறையும் என்பதால், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருமுறை கீழே படுத்து மறுபடி சரிசெய்தேன்.