நாத்தத்துக்கும் விலை உண்டு

எதிர்வீட்டு அண்ணன் இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டார், "சீனா சாமானே வாங்கக் கூடாது தம்பி." 2020ல் லடாக் எல்லையில, கல்வானில் சீன ராணுவத்தோட நடந்த மோதல்ல நம்ம வீரர்கள் 20 பேர் இறந்தப்பவும் இதேதான் சொன்னார். அப்போ அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை பண்ணுச்சு. செயலியை அழிக்கிறது சுலபம், சாமானை விடுறதுதான் கஷ்டம். 2024-25ல் சீனாவோட நம்ம வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது அங்கே விக்கிறதைவிட வாங்குறது, சுமார் 99 பில்லியன் டாலர் அதிகம்!

பொம்மை, சீரியல் லைட்டை விடுங்க. அண்ணன் பையில இருந்த ஆண்டிபயாடிக் அட்டையில இந்தியத் தயாரிப்புன்னுதான் போட்டிருக்கு. ஆனா நாம இறக்குமதி பண்ற மருந்து மூலப்பொருள்ல பெரும்பகுதி சீனாவிலேருந்துதான். அதை இங்கேயே செய்ய ஊக்கத்தொகை அறிவிச்சு, 2024ல் ஆந்திராவில் காக்கிநாடாவில், ஆண்டிபயாடிக் மூலப்பொருளான பென்சிலின்-ஜி செய்யிற ஆலையும் திறந்தாங்க. நல்ல விஷயம்.

ஆனா கெமிக்கல் கம்பெனின்னா என்னன்னு கடலூர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம், குடிகாடு, ஈச்சங்காடு ஜனங்களைக் கேளுங்க, ராத்திரி காத்து எப்படி இருக்கும்னு. (ஜன்னலைச் சாத்தினாலும் வரும்.) கழிவைச் சுத்திகரிக்கிற செலவையும் சேர்த்தே விலை போடட்டும், மாத்திரைக்கு ஒரு ரூபா கூடினா நான் தர்றேன்.

நீங்களும் தருவீங்களான்னு அண்ணன்கிட்ட கேட்டேன். "நம்ம ஊர்ல செஞ்சா விலை குறையணும்ல?"ங்கிறார்.