போர்த்துக்கீசியக் கவிதை வரலாற்றைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: யாப்பும் ஏடும்

போர்த்துக்கீசிய இலக்கியத்தை முதுகலையில் எடுத்துப் படிப்பவர்களை அதிகம் அச்சுறுத்தும் தாள் கவிதை வரலாறுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கும் அரசவைப் பாடல்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, சில பாடத்திட்டங்களில் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் பெசோவாவரை, எழுநூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் கடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் இதை மறுமலர்ச்சி, பரோக், புதுச்செவ்வியல், ரொமாண்டிசம் என்று பெயரிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு இயல்புகளைப் பட்டியலிட்டுத் தருகின்றன. அந்தப் பட்டியல்கள் கட்டுரை வினாவுக்கு ஓரளவு உதவும். முன்பின் பார்த்திராத ஒரு கவிதையைக் கையில் கொடுத்து விளக்கவுரை எழுதச் சொல்லும் வினாவுக்கு அவை உதவுவதில்லை. மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதோ அந்த வினாதான்.

நான் படித்த முறை வேறு. எந்தக் கவிதையை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டேன்: இது எந்த யாப்பில் அமைந்திருக்கிறது, எந்த ஏட்டின் வழியாக நம் கைக்கு வந்து சேர்ந்தது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் காலமும் சூழலும் கவிஞரின் நோக்கமும் பெரும்பாலும் தாமாகவே துலங்கிவிடுகின்றன. இந்த ஒரே முறையை நூற்றாண்டுகள் நெடுகிலும் எப்படிக் கையாளலாம் என்பதை, எனக்குப் பயன்பட்ட எடுத்துக்காட்டுகளோடு இங்கே விளக்குகிறேன்.

தொடக்கக் காலத்துக்கே அதிக நேரத்தை ஒதுக்குங்கள். ட்ரோவடோர்கள் எனப்பட்ட அரசவைக் கவிஞர்கள், போர்த்துக்கீசியத்தின் பழைய வடிவமான கலீசிய-போர்த்துக்கீசிய மொழியில் இயற்றிய சமயம் சாராத பாடல்கள் சுமார் 1,680 இன்று எஞ்சியிருக்கின்றன. ஏறத்தாழ அனைத்தும் மூன்று தொகைகளில் அடங்கிவிடுகின்றன. லிஸ்பனின் அஜுதா அரண்மனை நூலகத்தில் உள்ள அஜுதா தொகை மட்டுமே அக்கவிஞர்களின் காலத்தை ஒட்டியது. அதில் 310 பாடல்கள் உண்டு. மற்ற இரண்டும், அதாவது இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கும் தொகையும் வத்திக்கான் தொகையும், 1525-ஐ ஒட்டி இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ கொலோச்சி தமக்காகப் படியெடுக்கச் செய்தவை. அஜுதா தொகையில் முதல் கண்ணியின் அடிகளுக்கு மேலே இசைக்குறிப்பு எழுதுவதற்காக விடப்பட்ட இடம் கடைசிவரை வெறுமையாகவே இருக்கிறது, ஓவியங்களும் முற்றுப்பெறவில்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால், இவை பாடுவதற்காகவே இயற்றப்பட்டவை என்பதும் இசையை இழந்த சொற்களையே நாம் படிக்கிறோம் என்பதும் மறக்காது.

பாடல் வகைகள் மூன்று. ஆண் குரலில் அமைந்து, எட்டாத உயர்குலப் பெண்ணை நோக்கிப் பேசுவது ‘அமோர்’ பாட்டு, பெண் குரலில், பிரிந்த காதலனை எண்ணி அன்னையிடமோ தோழியிடமோ கடலலையிடமோ பேசுவது ‘அமிகோ’ பாட்டு, மூன்றாவது வசைப்பாட்டு. வசையில் பொருளை மறைத்து இருபொருள்படச் சொல்வதை ‘எஸ்கார்னியோ’ என்றும், பெயர் சுட்டி நேரடியாகச் சாடுவதை ‘மால்டிசேர்’ என்றும், தேசிய நூலகத் தொகையின் தொடக்கத்தில் சிதைந்த நிலையில் உள்ள ‘ஆர்த்தி டி த்ரோவார்’ என்னும் பாட்டியல் நூல் பிரிக்கிறது. இந்த வேறுபாட்டைக் கேட்கும் வினா அடிக்கடி வரும். அகத்துறைப் பாடல்களைப் படித்து வளர்ந்த தமிழ் மாணவருக்குத் தலைவி கூற்றும் தோழி கூற்றும் அன்னையின் காவலும் பழகியவை என்பதால், அமிகோ பாட்டு மிக விரைவாகப் பிடிபட்டுவிடும். அந்த நெருக்கத்தைப் புரிந்துகொள்வதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விடைத்தாளில் எழுத வேண்டாம், ஏனெனில் இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. அமிகோ பாட்டுகளில் பேசுவது பெண் என்றாலும், தொகைகளில் பெயர் பதிவான ஆசிரியர்கள் அனைவரும் ஆண்களே என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

வடிவத்தைக் கற்க மார்ட்டின் கோடாஷின் வீகோ கடல் பாட்டு ஒன்றே போதும். வீகோ கடலின் அலைகளை விளித்து, என் காதலனைக் கண்டீர்களா என்று முதல் பாடலடிகள் கேட்கின்றன. அவன் விரைவில் வருவானா என்பது பல்லவி. இரண்டாம் கண்ணி அதே கேள்வியைச் சொல் மாற்றி, இயைபின் உயிரொலியையும் மாற்றிக் கேட்கிறது. முதல் கண்ணியின் இரண்டாம் அடி மூன்றாம் கண்ணியின் முதல் அடியாகிறது. இரண்டாம் கண்ணியின் இரண்டாம் அடி நான்காம் கண்ணியைத் தொடங்கிவைக்கிறது. அந்தாதி போன்ற இந்தத் தொடுப்பும் இணைகோடாகச் செல்லும் இந்த அடுக்கும் சேர்ந்தே, செய்தி ஏறக்குறைய நகராமல் ஏக்கம் மட்டும் வளரும் உணர்வைத் தருகின்றன. இதை வெறும் ‘எளிய நாட்டுப்புற நடை’ என்று எழுதுபவர்கள் அதன் கலையைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கோடாஷின் ஏழு பாடல்கள், ஆறுக்கு இசைக்குறிப்போடு, ஒரு தோல் ஏட்டில் எழுதப்பட்டிருந்தன. சிசரோவின் நூல் ஒன்றுக்கு மேலட்டையாகப் பயன்பட்ட அந்த ஏட்டை மாட்ரிட் நகரப் புத்தக வணிகர் பெத்ரோ விந்தெல் 1914-இல் கண்டெடுத்தார். போர்த்துகல் மன்னர் தினிஸின் ஏழு அமோர் பாட்டுகளை இசையோடு தாங்கிய இன்னொரு கிழிந்த ஏடு 1990-இல்தான் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் ஒரு புத்தகக் கட்டட்டைக்குள் கிடைத்தது.

1279 முதல் 1325 வரை ஆண்ட தினிஸ் மன்னரைத் தனியாகப் படியுங்கள். 137 பாடல்கள் அவர் பெயரில் இருக்கின்றன. வேறெவருக்கும் இத்தனை இல்லை. தென் பிரான்சின் புரோவான்ஸ் கவிஞர்கள் நன்றாகப் பாடுகிறார்கள், ஆனால் மலர் பூக்கும் பருவத்தில் மட்டும் பாடுபவர்களுக்கு என் துயரம் இருக்க முடியாது என்று அவர் சொல்லும் பாட்டை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பிரெஞ்சுத் தென்னகத்தின் செல்வாக்கைப் பற்றி எந்த வினா வந்தாலும், அந்தச் செல்வாக்கை ஒப்புக்கொண்டே அதிலிருந்து விலகி நிற்கும் ஒரு கவிஞனின் சொந்தச் சான்று உங்களிடம் இருக்கும். அவருடைய மகன் பார்செலோஸ் கோமகன் பெத்ரோ 1354-இல் இறந்தபோது இந்த மரபும் முடிவுக்கு வந்தது.

அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, கவிதைச் சான்றுகள் மிக அரிது. 1516-இல் கார்சியா டி ரெசென்டி அச்சிட்ட பெருந்தொகை அடுத்த மைல்கல். இங்கே பாட்டு இசையைவிட்டுப் பிரிந்து, அவையில் வாசிக்கப்படும் செய்யுளாகிவிட்டது. ஐந்தசை, ஏழசை அடிகளாலான ‘ரெதோண்டில்யா’ கோலோச்சுகிறது. இந்தத் தொகையின் பெரும்பகுதி அரண்மனைப் பொழுதுபோக்குதான். இளவரசர் பெத்ரோவின் காதலியாக இருந்து மன்னரின் ஆணையால் கொல்லப்பட்ட இனேஸ் டி காஸ்ட்ரோவின் மரணம் குறித்து ரெசென்டி எழுதிய பாடல்களையும், கவிஞர் சா டி மிராண்டாவின் தன்னோடு தானே முரண்பட்டு நிற்கும் சிறு கவிதையையும் படித்துவிட்டு மேலே செல்லலாம்.

யாப்பு என்னும் கேள்வி இங்கிருந்துதான் முழுப்பயன் தரத் தொடங்குகிறது. சா டி மிராண்டா இத்தாலியில் சில ஆண்டுகள் வாழ்ந்து 1526-இல் திரும்பியபோது பதினான்கு அடிச் செய்யுளான சானெட்டையும் பத்தசை அடியையும் கொண்டுவந்தார். பழைய ஏழசை ‘பழைய அளவு’ என்றும், பத்தசை ‘புதிய அளவு’ என்றும் வழங்கப்பட்டன. அசை எண்ணுவதைக் கற்காமல் தேர்வுக்குச் செல்ல வேண்டாம். தமிழ் யாப்பின் நேரசை, நிரையசைக் கணக்கை இங்கே முற்றிலும் ஒதுக்கிவைக்க வேண்டும். போர்த்துக்கீசிய முறையில் அடியின் கடைசி அழுத்த அசைவரை மட்டுமே எண்ணுவார்கள். ஒரு சொல்லின் இறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் சேர்ந்து பெரும்பாலும் ஓர் அசையாகும். பதினாறாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் கமோயிஸின் புகழ்பெற்ற சானெட்டின் முதல் அடியை எண்ணிப் பாருங்கள்: அ-மோர்-எ-ஃபோ-கு-கியார்-தெ-செம்-செ-வேர். ‘கெ’, ‘ஆர்தெ’ ஆகிய இரு சொற்கள் இணைந்து ‘கியார்’ என்னும் ஆறாம் அசையில் அழுத்தம் விழுகிறது. ஆறிலும் பத்திலும் அழுத்தம் விழும் அடிக்கு ‘வீர அடி’ என்று பெயர். நான்கு, எட்டு, பத்து ஆகியவற்றில் விழுந்தால் அது ‘சாஃபோ அடி’. இன்றைய லிஸ்பன் பேச்சில் அழுத்தமில்லாத உயிர்கள் விழுங்கப்படுவதால், காதால் கேட்டு மட்டும் எண்ணினால் கணக்கு குறைந்துவிடும். பென்சிலால் கோடிட்டு எண்ணும் பழக்கம் வேண்டும்.

கமோயிஸ் இரு அளவுகளிலும் முழுத் தேர்ச்சி பெற்றவர். வெறுங்காலோடு நீரூற்றுக்குச் செல்லும் லெயானோரைப் பற்றிய பழைய அளவுப் பாட்டையும், ஏழாண்டு இடையனாக உழைத்த யாக்கோபைப் பற்றிய சானெட்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். முன்னதில் சொல் துள்ளுகிறது. பின்னதில் பதினான்கு அடிகளுக்குள் ஒரு வாழ்நாளின் வாதம் கட்டப்படுகிறது. வாஸ்கோ ட காமாவின் இந்தியக் கடற்பயணத்தைப் பாடும், 1572-இல் வெளிவந்த ‘லூசியாதாஸ்’ காப்பியம் 10 காண்டங்களும் 1,102 பாக்களும் கொண்டது. முழுவதையும் ஒரு தாளுக்காகப் படிப்பது கடினம் என்றால், மூன்றாம் காண்டத்தில் இனேஸ் கதையையும், நான்காம் காண்டத்தில் கடற்பயணத்தையே கண்டிக்கும் ரெஸ்தேலோ முதியவரின் உரையையும், ஐந்தாம் காண்டத்தில் கடல்முனையின் பூதமான அதமாஸ்தோரையும், ஒன்பதாம் காண்டத்தின் காதல் தீவையும் ஊன்றிப் படியுங்கள். பேரரசைப் புகழும் காப்பியத்துக்குள்ளேயே அந்தப் புகழை மறுக்கும் குரலுக்கு அத்தனை வலிமை கொடுத்ததுதான், என் பார்வையில், கமோயிஸின் பெருமை. பத்தாம் காண்டத்தில் புனித தோமையார் மயிலாப்பூரில் உயிர்நீத்த கதை வருகிறது என்பதை நம்மவர்கள் ஆர்வத்தோடு கவனிக்கலாம்.

ஏடு என்னும் கேள்வி கமோயிஸிடம் மிகக் கூர்மையாகிறது. 1553-இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய அவருடைய கவிதை முதன்முதலில் அச்சேறியது கோவாவில்தான். 1563-இல் கார்சியா டா ஓர்த்தா வெளியிட்ட மருந்துச் செடிகள் பற்றிய நூலில் ‘ஓட்’ (ode) என்னும் புகழ்ப்பா வடிவில் அது இடம்பெற்றது. அவர் 1580-இல் இறந்தார். தனிக்கவிதைகளின் தொகுப்போ 1595-இல்தான் வெளிவந்தது. அதற்குள் பலருடைய கையெழுத்துத் தொகைகளில் அவருடைய கவிதைகளும் பிறருடையவையும் கலந்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் பெயரில் சேர்க்கப்பட்ட சானெட்டுகள் 350-ஐத் தாண்டின. பிந்தைய ஆய்வாளர்கள் அவற்றில் பலவற்றை நீக்கினார்கள். ஆகவே ஒரு சானெட்டைக் கொண்டு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுத முற்படாதீர்கள். தேர்வாளர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்கிறார்கள்.

பதினேழாம் நூற்றாண்டை விரைவாகக் கடக்கலாம். 1580 முதல் 1640 வரை ஸ்பானிய அரசரின் ஆட்சி. பல கவிஞர்கள் காஸ்தீலிய (ஸ்பானிய) மொழியிலும் எழுதினார்கள். பிரான்சிஸ்கோ மனுவேல் டி மெலோவையும் துறவி வியோலான்தி டோ செயுவையும் படித்தால் போதும். பரோக் கவிதைகளின் முதன்மைத் தொகுப்பான ‘ஃபேனிக்ஸ் ரெனாஸ்சிதா’ 1716-க்கும் 1728-க்கும் இடையில் அச்சாயிற்று, அதாவது அந்தப் பாணியின் காலம் ஏறத்தாழ முடிந்த பிறகு.

1755-இன் லிஸ்பன் நிலநடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு தோன்றிய ‘ஆர்க்காதியா’ கழகம் எளிமையையும் அளவையும் வற்புறுத்தியது. அந்த நூற்றாண்டின் கவிஞர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பொக்காஜையே சொல்வேன். சேத்துபாலில் 1765-இல் பிறந்து, 1786-இல் கோவா வந்து, படையைவிட்டு ஓடி, மக்காவ் வழியாக நாடு திரும்பிய அவர், தம் விதி கமோயிஸின் விதியை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒரு சானெட்டில் பாடினார். விதியால் ஒத்தாலும் கவித்திறத்தில் ஒக்கவில்லையே என்று அது முடிகிறது.

1825-இல் நாடு கடந்து பாரிஸில் இருந்த அல்மெய்டா காரெட் ‘கமோயிஸ்’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டதிலிருந்து போர்த்துக்கீசிய ரொமாண்டிசத்தைத் தொடங்குவது வழக்கம். அந்தேரோ டி கென்டலின் சானெட்டுகளுக்கு நல்ல நேரம் கொடுங்கள். காதலுக்கென்று வந்த வடிவம் அவர் கையில் ஐயத்துக்கும் மரணத்துக்குமான சிந்தனைக் களமாகிறது. செசாரியோ வெர்டியின் ‘ஒரு மேற்கத்தியனின் உணர்வு’ கமோயிஸின் மூன்றாம் நூற்றாண்டு நினைவையொட்டி 1880-இல் வெளியானது. அதன் ஒவ்வொரு நாலடியிலும் முதல் அடி கமோயிஸின் பத்தசை, ஏனைய மூன்றும் பிரெஞ்சு வழிவந்த பன்னிரண்டசை. எரிவாயு விளக்குகளும் தொழிலாளர்களும் நிறைந்த அந்திநேர லிஸ்பனை நீண்ட அடிகளில் நடந்து காணும் அந்தக் கவிதையை, யாப்பைச் சுட்டிக்காட்டி விளக்கினால் விடை தனித்து நிற்கும்.

இங்கே ஏட்டு வரலாறு ஒரு முக்கியமான திருத்தத்தைத் தருகிறது. அஜுதா தொகை முதன்முதலில் அச்சானது 1823-இல். வத்திக்கான் தொகையின் முழுப்பதிப்பு 1875-இல். கரோலினா மிக்கேலிஸ் டி வாஸ்கொன்செலோஸின் அஜுதா ஆய்வுப்பதிப்பு 1904-இல். இந்தப் பதிப்புகள் வரும்வரை அந்தப் பாடல்கள் கவிஞர்களின் கைக்கு எட்டாமலே கிடந்தன. எனவே ட்ரோவடோர்களிலிருந்து கமோயிஸ் வழியாகப் பொக்காஜ்வரை ஒரே ஆறு அறுபடாமல் ஓடியது என்று எழுதுவது பிழை. 1934-இல் பெசோவா தம் ‘மென்சாஜெம்’ நூலில், இரவில் அமிகோ பாட்டு எழுதும் தினிஸ் மன்னரை, வரவிருக்கும் கப்பல்களுக்கான மரங்களை நட்டவராகப் பாட முடிந்ததற்குப் பின்னால் இந்தப் பதிப்பாசிரியர்களின் உழைப்பு நிற்கிறது. தொடர்ச்சி குறித்த கட்டுரை வினாவுக்கு நான் எழுதிய விடையின் மையம் இதுதான்.

மூலங்களுக்கு அலைய வேண்டியதில்லை. லிஸ்பன் நோவா பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆய்வு நிறுவனம் எல்லாக் கலீசிய-போர்த்துக்கீசியப் பாடல்களையும் சொற்குறிப்புகளோடும் ஏட்டுப் படங்களோடும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் 1572-இன் லூசியாதாஸையே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். வாய்மொழித் தேர்வுக்கு ஓர் அமிகோ பாட்டையும் ஒரு சானெட்டையும் உரக்கப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள். எந்த அசையில் அழுத்தம், எந்தத் தொகையில் இடம், பதிப்புகளுக்கிடையே எந்தச் சொல் வேறுபடுகிறது என்ற மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் குறித்து வையுங்கள். என்னிடம் கேட்கப்பட்ட துணைக்கேள்விகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றையே சார்ந்திருந்தன.