எண்பத்தைந்து வரியில் எழுபது

நகைக்கடன் படிவத்தில் ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டார். "ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது சார்."

சரி, நமக்கு முடியாது. சிட்டி குழுமத்துக்கு முடிந்தது.

2008-ல் அமெரிக்க அரசு 4,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்திய வங்கி அது. அப்புறம் வங்கிகளுக்குக் கடிவாளம் போட டாட்-ஃபிராங்க் சட்டம் வந்தது. அரசுக் காப்பீடு உள்ள வைப்புப் பணத்தோடு சிலவகை டெரிவேட்டிவ் வியாபாரத்தை (பங்கு, வட்டி, சரக்கு போன்றவற்றின் விலை ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடும் ஒப்பந்தங்களை) கலக்காதே, தனி நிறுவனத்துக்குத் தள்ளு என்றது அதன் 716-வது பிரிவு.

2013-ல் அதைத் தளர்த்த ஒரு மசோதா. மொத்தம் 85 வரி. அதில் 70-க்கும் மேல் சிட்டி கொடுத்த பரிந்துரையை ஒட்டியவை என்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. முக்கியமான இரண்டு பத்திகள் கிட்டத்தட்ட அப்படியே. நாடாளுமன்ற உறுப்பினர்கள் செய்த திருத்தம்? இரண்டு சொற்களை ஒருமையிலிருந்து பன்மையாக்கினார்கள். அவ்வளவுதான்!

செல்வாக்கு என்றதும் நமக்குப் பணப்பெட்டிதான் ஞாபகம் வரும். தேர்தல் நன்கொடை அங்கேயும் உண்டுதான். ஆனால் தலை சுற்றும் சட்டம், படிக்க நேரமில்லாத உறுப்பினர், எழுதித் தரத் தயாராக நிற்கும் வக்கீல் படை, இது போதும்.

2014 டிசம்பரில் அந்தத் தளர்வை அரசின் செலவு மசோதாவுக்குள் செருகினார்கள். இன்னொரு பெரிய வங்கியான ஜேபி மார்கனின் தலைவர் ஜேமி டைமனே உறுப்பினர்களுக்குப் போன் போட்டார். எதிர்த்த உறுப்பினர் எலிசபெத் வாரன் மேலவையான செனட்டில் கொதித்தார். 219-206-ல் கீழவையில் தேறியது, ஒபாமாவும் கையெழுத்துப் போட்டார்.