மூன்று நாள் கடல்

"மூணு நாளும் கடல்தானே தெரியும்? அப்ப அதுதாண்டி டூரு."

காலையில் அம்மா இப்படிச் சொன்னதும், விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளை அம்மா எறிவதே இல்லை. அப்படி ஒரு தாளின் பின்பக்கத்தில்தான் எங்கள் அந்தமான் கணக்கு. கப்பல், படகு, ரூம், சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் ஒரு தொகை. அடித்து, குறைத்து, திரும்ப அடித்து, தாளே நைந்துவிட்டது.

கடைசி வரி: 'பேத்திக்கு முத்து மாலை'. அதில் மட்டும் அடித்தலே இல்லை.

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர் சுமார் 1,370 கி.மீ. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அம்மாவுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கப்பலில் மூன்று நாள் ஆகும். கப்பல் தினமும் கிடையாது, தேதியும் மாறும். லீவை முன்னும் பின்னும் கொஞ்சம் தளர்வாகப் போட வேண்டும். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்கு அரசுப் படகில் போனாலே நிறைய மிச்சம். அந்தத் தீவின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் காசே வேண்டாம்.

மழைக்காலம் முடியட்டும். ஜனவரியில் கடல் அமைதியாக இருக்கும்.

அம்மா பார்த்த ஒரே தீவு ராமேஸ்வரம். அதுவும் பாம்பன் பாலத்தில், ரயில் ஜன்னலோரம் நின்றுகொண்டே.

அம்மா சமையலறைக்குப் போனதும், முத்து மாலைக்கு எதிரே இருந்த தொகையைப் பென்சிலால் கொஞ்சம் கூட்டி எழுதி வைத்திருக்கிறேன்.