ஜிம்மிக்கு 11 வயசு, இன்னும் எத்தனை ஊசி?

போன வாரம் பீரோவைக் குடைஞ்சப்ப ஜிம்மியோட ஊசி புக்கு கைல மாட்டுச்சு. ரேஷன் கார்டுக்கும் கேஸ் புக்குக்கும் நடுவுல கெடந்துது, ஒரு மூலைய எலி தின்னுருக்கு. உள்ள பக்கத்துக்குப் பக்கம் அந்த குட்டி குட்டி ஸ்டிக்கர், பேட்ச் நம்பர், தேதி, டாக்டர் கையெழுத்து, எல்லாம் 2014ல இருந்து. உக்காந்து எண்ணுனேன், மொத்தம் 25. எங்க அத்தைக்கு 70 வயசாகுது, அவங்க கூட அத்தனை ஊசி போட்டிருக்க மாட்டாங்க (நாய்க்கடி ஊசிய கணக்குல சேக்காம. அந்தக் கதை பின்னாடி வருது).

ஜிம்மி யாருன்னு தெரியாதவங்களுக்கு, பாதி பொமரேனியன், மீதி பாதி அரவேனு பஸ் ஸ்டாப். 8 கிலோ. காது ஒண்ணு மட்டும் மடிஞ்சு இருக்கும். எங்க தேயிலைத் தோட்டத்துல இருந்து கூடை தூக்கிட்டு யார் வந்தாலும் கேட்டு வரைக்கும் கூடவே போய் விட்டுட்டு வருவான். இப்ப கண்ணுல லேசா பூ விழுந்திருக்கு, படி ஏற யோசிக்கறான், ஆனா வர்க்கி பாக்கெட் பிரிக்கற சத்தம் மட்டும் ரெண்டு ரூம் தள்ளி இருந்தாலும் கேட்டுரும்.

போன வருஷம் கோத்தகிரில வழக்கம் போல ஒரே நாள்ல ரெண்டு ஊசி, நைன் இன் ஒன் ஒண்ணு, ரேபிஸ் ஒண்ணு. போட்டுட்டு பஸ் ஏறுனோம், வீடு வர்றதுக்குள்ள மடியில இருந்தவன் மூஞ்சி கொழுக்கட்டையாட்டம் வீங்கிருச்சு, ஒரு கண்ணு மூடிக்கிச்சு, ஒடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா. அடுத்த ஜீப்பைப் புடிச்சு திரும்ப மேல ஓடி, டாக்டர் அலர்ஜிக்குப் போடற அவில் ஊசியும் இன்னொண்ணும் போட்டு, ரெண்டு மணி நேரம் அங்கயே உக்கார வச்சு அனுப்புனாரு. வீக்கம் வடிஞ்சிருச்சு, ஆனா ரெண்டு நாள் சுருண்டே கெடந்தான், வர்க்கிய மூக்குக்கிட்ட வச்சாலும் திரும்பிப் படுத்துக்கிட்டான். அப்ப பயந்தது இன்னும் போகல எனக்கு.

அதனால இந்த வருஷம் தேதி நெருங்க நெருங்க வீட்டுல ஒரே பட்டிமன்றம். அத்தை, வயசான நாய்க்கு எதுக்கு கண்ணு இதெல்லாம், விட்ருன்னாங்க. வீட்டுக்காரர், டாக்டர் எழுதுனா எழுதுனதுதான், எல்லாத்தையும் போடுன்னாரு. பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூர்ல இருந்து வாட்ஸப்புல ஊசியே விஷம்னு நாலு வீடியோ அனுப்பி வச்சான். மூணு பேரும் "ஊசி"ன்னு ஒரே வார்த்தைல சொல்றாங்களே, அங்கதான் குழப்பமேன்னு எனக்கு டாக்டர்கிட்ட போய் உக்காந்து கேட்டப்பறம்தான் புரிஞ்சுது. அது ஒரு பொருளே இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி கெடு இருக்கு.

மொதல்ல அந்த நைன் இன் ஒன், செவன் இன் ஒன் நம்பரைக் கேட்டு மலைச்சுப் போகாதீங்க. எலிக்காய்ச்சல்னு நாம சொல்ற லெப்டோவுல உள்ள ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியா ஒரு நம்பர் போட்டு எண்ணி வச்சிருப்பாங்க. பிரிச்சுப் பாத்தா முக்கியமா உள்ள இருக்கறது டிஸ்டெம்பர் (காய்ச்சல், சளில ஆரம்பிச்சு நரம்பு வரைக்கும் போற நோய்), பார்வோ (ரத்தமா வயித்துப்போக்கு வர்ற நோய்), ஈரல்ல வர்ற அடினோ வைரஸ், இந்த மூணும் ஒரு கூட்டம். அப்பறம் அந்த லெப்டோ, அது வேற ஜாதி. சளி இருமலுக்கு பாராஇன்ஃப்ளுயன்சா, சிலதுல கொரோனா (நமக்கு வந்தது இல்லீங்க, நாய்க்கு வயித்துப்போக்கு வரவைக்கற வேற கொரோனா).

அந்த மொத மூணும் உயிரோட இருக்கற, ஆனா பலத்தைக் கொறச்ச வைரஸ். ஒடம்பு அதை நெஜ நோய் மாதிரியே நெனச்சு சண்டை போட்டு வருஷக்கணக்கா ஞாபகம் வச்சுக்கும். குட்டில 16 வாரம் வரைக்கும் சரியா போட்டு, ஒரு வயசுக்குள்ள ஒரு பூஸ்டரும் போட்டுட்டா, அதுக்கப்பறம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல தேவையே இல்லைன்னு நாய், பூனை மாதிரி சின்னப் பிராணிங்களோட மருத்துவர்களுக்கான உலக சங்கமான டபிள்யூஎஸ்ஏவிஏ ரொம்ப வருஷமா சொல்லிட்டு வருது. அமெரிக்காவுல ரொனால்ட் ஷுல்ட்ஸ்னு ஒரு பேராசிரியர் ஊசி போட்ட நாய்ங்களை வருஷக்கணக்கா வச்சுப் பாத்து, 7 வருஷம் தாண்டியும் காப்பு நிக்குதுன்னு காட்டுனவரு. அப்ப ஜிம்மிக்கு வருஷா வருஷம் போட்டதுல பாதி தேவையில்லாததா டாக்டர்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டு, "தப்புன்னு சொல்ல மாட்டேங்க, அதிகம்னு சொல்லலாம்"னாரு. எங்க டாக்டரோட நேர்மை எனக்குப் புடிக்கும், அவருக்கே வருமானம் கொறையற பேச்சு இது.

லெப்டோ அப்படி இல்ல. அது செத்த பாக்டீரியாவுல செய்யறது, ஒடம்பு சீக்கிரம் மறந்துரும், வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா. இதை வயசானதுன்னு நிறுத்தலாமான்னு நெனச்சேன், அப்பறம் எங்க வாசலைப் பாத்துட்டு நானே விட்டுட்டேன். எலி, பெருச்சாளி, மாட்டுக் கொட்டாயி, ராத்திரில பன்னி வந்து கெளறிட்டுப் போன குழி, அதுல தேங்கற தண்ணி. இதுங்களோட மூத்திரத்துல இருந்துதான் அது பரவுது, ஈர மண்ணுல, தேங்குன தண்ணில உயிரோட கெடக்கும். ஜிம்மிக்கு வீட்டுக்குள்ள எவர்சில்வர் கிண்ணத்துல சுத்தமான தண்ணி வச்சாலும் வாய்க்கால்ல போய் நக்குனாத்தான் தாகம் அடங்கும். நாய்க்கு வந்தா கிட்னி, ஈரல் ரெண்டையும் அடிக்கும், நமக்கும் ஒட்டிக்கும். அவனுக்கு ஏற்கனவே ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற அளவு) கொஞ்சம் ஏறிருக்கு, அந்த கிட்னிக்கு மேல இதுவும் சேந்தா தாங்குமா?

தேதிலயும் ஒரு கணக்கு இருக்குங்க. கூடலூர், பந்தலூர் பக்கம்னா ஆடி மாச மழைதான் பெருசு. எங்க கோத்தகிரி, குன்னூர் சரிவுக்கு ஐப்பசி மழைதான் வெளுத்து வாங்கும். அதனால எங்களுக்கு லெப்டோவை செப்டம்பர் நடுவுல போட்டுட்டா மழைக்காலம் பூராவும் அந்த ஊசியோட நல்ல நாள்ங்களுக்குள்ள வந்துரும். இத்தனை வருஷம் பிப்ரவரில போட்டுட்டு, மழை வர்றப்ப எட்டு மாசம் பழசான காப்போட விட்டிருக்கேன். யாரும் சொல்லல, எனக்கும் தோணல.

ரேபிஸ் பத்தி பேச்சே கெடையாது, அது வருஷா வருஷம். வெளிநாட்டுல மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சில ஊசிக்கு அனுமதி இருக்கு, அதைப் படிச்சுட்டு இங்க வந்து பேசறவங்க இருக்காங்க. அங்க தெருவுல நாய் இல்ல, இங்க நம்ம நாட்டுல நோய் சுத்திக்கிட்டே இருக்கு. ஊட்டில டபிள்யூவிஎஸ்ங்கற கால்நடைத் தொண்டு நிறுவனத்து ஆளுங்க பல வருஷமா தெருநாய்ங்களுக்கு ஊசி, கருத்தடைன்னு பண்றதால மலைல நெலமை எவ்வளவோ தேவலாம், அது நெசம். ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து தெனம் எத்தனை வண்டி ஏறுது, சீசன் முடிஞ்சதும் எத்தனை பேர் நாயை ரோட்டோரம் எறக்கி விட்டுட்டுப் போறாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். நரி, கீரி வேற.

இந்த எடத்துலதான் அத்தை வாயடைச்சுப் போனாங்க, ஏன்னா அவங்க கதை அப்படி. ஒம்போது வயசுல வெறிநாய் கெண்டைக்கால்ல கடிச்சு, அவங்க அப்பா தோள்ல தூக்கிட்டு தெனமும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போயிருக்காரு. 1907ல ஆரம்பிச்ச எடம் அது, தென்னாட்டுல இருந்து எங்கெங்கயோ இருந்து கடிபட்டவங்க ரயில் ஏறி வருவாங்களாம். அப்ப ஆட்டு மூளைல செஞ்ச மருந்து, தொப்புளைச் சுத்திப் போடுவாங்க. அத்தை 14 ஊசிம்பாங்க, கோவம் வந்தா அது 16 ஆயிரும். நாட்டுல அந்தப் பழைய மருந்தை 2004 கடைசியோட நிறுத்திட்டாங்க, இப்ப கைல நாலஞ்சு தடவை போட்டா முடியுது. ஊட்டி புதுமந்து பக்கத்துல மனுசங்களுக்குப் போடற நாய்க்கடி மருந்து நம்ம மலைலயே தயாராகுது. அதனால இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ரேபிஸ் ஊசி வேணாம்னு சொன்னா எனக்கே கூச்சமா இருக்கும்.

டைட்டர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ரத்தத்துல காப்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கறது. டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூணுக்கும் அது நல்லா பேசும். லெப்டோவுக்கு பிரயோஜனம் இல்ல. ரேபிஸுக்கு அளந்து 0.5 யூனிட் இருந்தா வெளிநாட்டுக்கு நாயைக் கொண்டு போக ஒத்துக்குவாங்க, ஆனா அதைக் காட்டி இங்க ஊசிய தள்ளிப் போட முடியாது. கோயமுத்தூர் லேபுக்கு அனுப்பறதுக்கு ஆகற செலவுல மூணு ஊசி போட்டுறலாம், ஜிம்மிக்கு புக்குலயே 11 வருஷக் கதை தெளிவா இருக்கறதால நாங்க அதை விட்டுட்டோம். எங்கயோ இருந்து பெரிய நாயா வந்து புக்கே இல்லாம இருந்தா, அப்ப யோசிப்பேன்.

இன்னொண்ணு கேட்டேன், கொஞ்சம் வெக்கமாத்தான் கேட்டேன். 40 கிலோ லேப்ரடாருக்கும் ஒரு மில்லி, 8 கிலோ ஜிம்மிக்கும் அதே ஒரு மில்லியா, பாதி போட்டா ஆகாதான்னு. ஆகாதாம். மாத்திரை மாதிரி எடைக்குக் கணக்கு இல்ல, ஒடம்புக்கு அடையாளம் காட்ட அத்தனை வேணும், பாதி போட்டா காப்பு வராம போகலாம். ஆனா சின்ன நாய்க்கு ஒரே நாள்ல நெறைய போட்டா வீக்கம், தடிப்பு வர்ற வாய்ப்பு ஜாஸ்திங்கறது உண்மைன்னாரு. போன வருஷம் ரெண்டும் ஒண்ணா போட்டதால எது ஒத்துக்கலைன்னே இப்ப சொல்ல முடியல. அதான் பிரிச்சுப் போடறது, நடுவுல மூணு வாரம் விட்டு. காலைல போடணும், சாயங்காலம் போட்டுட்டு வந்து ராத்திரில வீங்குனா கோத்தகிரிக்கு எந்த ஜீப் வரும், வழில கரடி வேற நிக்கும். முன்னாடியே அவில் குடுத்துட்டு, போட்டப்பறம் ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு வரணும்.

இதுல நடைமுறைச் சிக்கல் எங்கன்னா, லெப்டோ மட்டும் தனியா ஸ்டாக் இருக்காது. எல்லாரும் நைன் இன் ஒன் கேக்கறாங்க, அதைத்தான் வச்சிருக்காங்க. தனி லெப்டோ கோயமுத்தூர்ல சொல்லி வரவழைக்கணும், அதுவும் பெட்டியாத்தான் வரும். "ஒரு நாய்க்காக ஒரு பெட்டி எப்படிங்க வாங்கறது"ன்னு டாக்டர் கேட்டது நியாயம்தான. சரின்னு நான் எங்க லைன்ல வீடு வீடா போய் வயசான நாய் யார்கிட்ட இருக்குன்னு கேட்டேன். ஏழு வயசு தாண்டினது ஆறு தேறுச்சு. போஸ்ட்மேன் அண்ணனோட டைகர், கட்டபெட்டுல இருந்து ஒரு அக்காவோட ரெண்டு கெழட்டு ராஜபாளையம், இப்படி. ஐஸ் வச்ச டப்பால 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள கொண்டு வரணும். நம்ம ஊரே குளுருதே எதுக்கு ஐஸ்னு ஒருத்தர் கேட்டாரு. நமக்கு ஸ்வெட்டர் போட வைக்கற 15 டிகிரி அந்த மருந்துக்கு வெயில். அதுக்காக ஐஸ் மேலயே ஒட்டி வச்சு ஒறைஞ்சு போனாலும் கெட்டுரும்.

ஒண்ணு மட்டும் இதைப் படிக்கற குட்டி நாய்க்காரங்களுக்கு. நான் ஜிம்மிக்கு கொறைக்கறேன்னு நீங்களும் கொறைச்சிராதீங்க. 2019ல எங்க வீட்டுக்கு ஒரு குட்டி வந்தான், வெல்லம்னு பேரு. 8 வாரத்துல ஒரு ஊசி போட்டோம், அடுத்தது மழை, பஸ் இல்லைன்னு தள்ளிப் போச்சு. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி ஒடம்புல இருக்கற வரைக்கும் ஊசிய வேலை செய்ய விடாது, அது எப்ப தீரும்னு வெளிய இருந்து தெரியாது, அதனாலதான் 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடறாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது. பார்வோ. ரத்தமா போச்சு, அந்த நாத்தம் ஒரு தடவை மோந்தா மறக்காது. மூணு நாள் ட்ரிப்ஸ், நாலாவது நாள் காலைல இல்ல. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும்னு சொன்னதால ஒரு வருஷம் வேற குட்டியே எடுக்கல. அதே வீட்டுல, அதே பாயில படுத்திருந்த ஜிம்மிக்கு ஒரு தும்மல் கூட இல்ல. குட்டில ஒழுங்கா போட்ட ஊசியோட பலம் அதுதான்.

டிஸ்டெம்பரும் அப்படித்தான், எளசுங்களைத்தான் மொதல்ல தூக்கும். அதுவும் எங்க ஊர்ல அது நாயோட நிக்காது, சிறுத்தை நாயைத் தூக்கிட்டுப் போற எடம் இது. 2018ல குஜராத் கிர் காட்டுல சிங்கங்க செத்துச்சே, அதுல இதே டிஸ்டெம்பர் வைரஸ்தான் இருந்துது.

ஆக ஜிம்மிக்கு டிஸ்டெம்பர் கூட்டம் இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷமும் இல்ல, 13 வயசுல ஒடம்பு எப்படி இருக்குன்னு பாத்து பேசிக்கலாம்னாரு டாக்டர். ரேபிஸ் ஆகஸ்ட் கடைசில, லெப்டோ செப்டம்பர் நடுவுல. ஊசி கொறையுதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போறதை மட்டும் கொறைக்கக் கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாரு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல்லு, நெஞ்சு, ரத்தம், கிட்னி. மிச்சம் புடிச்ச காசு அதுக்கே சரியாப் போகும், வீட்டுக்காரர் மூஞ்சி அப்பத்தான் கொஞ்சம் மாறுச்சு.

நேத்து ரேபிஸ் போட்டாச்சு. காலைல எட்டரை பஸ், அவில் குடுத்தாச்சு, ஊசிக்கப்பறம் டாக்டர் பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஒதட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன், அவனுக்கே எரிச்சலாகி மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். ஒண்ணும் ஆகல. இப்ப சந்தேகம் லெப்டோ மேல திரும்பிருக்கு, அதனால 14ஆம் தேதி அங்க ரெண்டு மணி நேரம் உக்காரப் போறேன், கட்டபெட்டு அக்காவும் வர்றாங்க. வர்ற வழில பேக்கரில வர்க்கி வாங்குனேன், கவரைப் பிரிக்கறதுக்குள்ள பாதிய முழுங்கிட்டான்.