வெட்டிய வரி

சப்டைட்டில் வேலையில் முதலில் கைவருவது வெட்டுவதுதான். திரையில் இரண்டு வரிக்குத்தான் இடம், வாசிக்கச் சில நொடிதான், அதனால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை யாராவது சொன்னால் இரண்டாவதைத் தூக்கிவிடுவேன். அதே கையோடுதான் ஃபின்லாந்தின் மெட்டல் இசை (கனத்த கிட்டார் ஒலிகொண்ட ராக் வகை) பற்றிய ஒரு வீடியோவுக்கு உட்கார்ந்தேன். அமார்ஃபிஸ் குழு, 1996இல் வந்த 'எலெஜி' ஆல்பம். பாடுவது ஆங்கிலத்தில், ஆனால் வரிகள் எலியாஸ் லொன்ரூத் 1840இல் தொகுத்த 'கன்டெலெதார்' நாட்டுப்பாடல் திரட்டைச் சேர்ந்தவை.

அதில் கன்டெலே என்ற தந்தி வாத்தியத்தைப் பற்றி ஒரு பாட்டு. இசை துக்கத்தால் செய்தது, கவலையால் வார்த்தது என்று வரும். துக்கம், கவலை, ரெண்டும் ஒன்றுதானே? பின்பாதியை வெட்டினேன்.

அனுப்புவதற்கு முன்னால் ஏதோ உறுத்தி மூலத்தைத் தேடினேன். 'சொயித்தோ ஓன் சுருயிஸ்தா தெஹ்து, முரெஹிஸ்தா முவோவாஎல்து.' எனக்கு ஃபின்னிஷ் தெரியாது, ஆனால் வாய்விட்டுப் படித்ததுமே பிடிபட்டது: வரிக்கு எட்டு அசை, சு-வுக்கு சொ, மு-வுக்கு மு, நம் மோனையேதான். ஒன்றைச் சொல்லி, அதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வதுதான் அந்தப் பாட்டுகளின் நடை, ஃபின்லாந்தின் காவியமான 'கலேவலா'விலும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு வந்தபோது எட்டசைக் கட்டு நெகிழ்ந்து மோனையும் பாதி உதிர்ந்துபோனது. மிஞ்சியது அந்த இரட்டைச் சொல், அதைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்! மெட்டலுக்கு அது தோதாகப் பொருந்துவதிலும் ஆச்சரியமில்லை, கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) வேறென்ன செய்கிறது, சொன்னதையே லேசாக மாற்றிச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது. (இதே குழுவுக்குப் பிற்பாடு பெக்கா கைனுலைனென் என்பவர் ஃபின்னிஷில் எழுதிக்கொடுக்க, அதை ஆங்கிலமாக்கிப் பாடினார்கள். கோர்ப்பிக்லானி மாதிரிக் குழுக்கள் அந்தச் சிக்கலே வேண்டாம் என்று பெரும்பாலும் ஃபின்னிஷிலேயே பாடிவிடுகின்றன.)

சரி என்று திரும்ப உட்கார்ந்தேன். ஒரு மதியம் முழுக்க அந்த இரண்டு வரிதான். 'வார்த்தது' என்பதை விட்டுக்கொடுக்க மனசில்லை, ஆனால் மோனைக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் இப்படி முடித்தேன்:

இன்னலில் இழைத்தது இசை,
கவலையில் கடைந்தது.

மறுநாள் சரிபார்ப்பவரிடமிருந்து குறிப்பு: "ரெண்டும் ஒரே அர்த்தம்தானே சார், ஒன்றை எடுத்துவிடலாமா?" எடுக்க வேண்டாம், முடிந்தால் இன்னும் ஒரு நொடி திரையில் நிற்கட்டும் என்று பதில் போட்டேன்.