காசல்ரீயில் தனி ஓட்டம்: டில்லரைப் பிடிக்கும் ரப்பர்

14 அடிப் பாய்ப்படகு இப்போது இலங்கை மலைநாட்டின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில், காற்று வரும் திசைக்கு இயன்றவரை நெருங்கிய கோணத்தில், டில்லரில் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடிக் கட்டையில்) கையே படாமல் ஓடுகிறது. ஜிப்பின் (முன்பாயின்) ஷீட், அதாவது அந்தப் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறும், லேடெக்ஸ் ரப்பர் டியூபும்தான் ஓட்டுகின்றன. மலைக்காற்றுக்கு இது சரிவராது என்று சொல்பவர்கள் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும்.

டில்லரை அதிகம் பிடிக்காமலே நேராக ஓடும் அளவுக்குப் படகு சமனாகாமல் ரப்பர் கட்டுவது வீண். தனியாக ஓட்டும்போது சாய்வை அமுக்க இன்னொரு ஆள் இல்லை. 15 பாகைக்கு மேல் சாய்ந்தால் படகின் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பி ஓடும். அதனால் முதலில் மெயின் பாயில் (பெரிய பாயில்) ரீஃப், அதாவது பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 10 வீதம் குறைவுதான்; அதை நம்பி ரீஃபைத் தள்ளிப்போடக் கூடாது, தேயிலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் வீச்சு சொல்லாமல் வரும். மூக்கு காற்றுக்குள் ஓடுவதைக் குறைக்க, அடுத்து சென்டர்போர்டை (படகின் நடுவில் நீருக்குள் இறங்கும் பலகையை) கால்வாசி தூக்கலாம். பாய்மரத்தை மூக்கோடு கட்டும் முன்கம்பியை 1 செ.மீ. குறுக்கினால் 6 மீட்டர் பாய்மரத்தின் உச்சி ஏறக்குறைய 4 செ.மீ. முன்னே வரும், அதற்குமேல் தேவைப்படவில்லை.

படகு சமனாகிவிட்டதா என்பதை டில்லரே காட்டும்: 90 செ.மீ. டில்லரின் நுனி, நடுக்கோட்டிலிருந்து காற்று வரும் பக்கமாக 5 முதல் 8 செ.மீ. விலகி நிற்பது சரியான அளவு, அதாவது 3 முதல் 5 பாகை. பின்பலகையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் ஊகமே வேண்டாம். 10 செ.மீ. தாண்டினால் சுக்கான் படகை இழுத்துப் பிடிக்கும்.

இனி ரப்பர். முழு விஷயமும் இதில்தான். ஜிப்பின் ஷீட்டைக் குறுக்கே கொண்டுவந்து, காற்றுப் பக்க விளிம்பிலுள்ள கப்பி வழியாக, சுக்கான் தலையிலிருந்து (டில்லர் சுக்கானில் பொருந்தும் இடத்திலிருந்து) 50 செ.மீ. தள்ளி டில்லரில் மாட்ட வேண்டும். அதே இடத்திலிருந்து எதிர்ப்பக்க விளிம்புக்கு டியூப்: வெளிவிட்டம் 10 மி.மீ., தளர்ந்த நீளம் 40 செ.மீ., கட்டியபின் 65 செ.மீ. வீச்சு வந்தால் ஷீட் டில்லரை இழுத்து மூக்கை விலக்கும். காற்று தணிந்தால் ரப்பர் திருப்பிக் கொண்டுவரும். படகு காற்றுக்குள் ஏறிக்கொண்டே போனால் ரப்பரைத் தளர்த்த வேண்டும்; விலகிக்கொண்டே போனால் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 2 செ.மீ. போதும், பிறகு நான்கைந்து வீச்சு கடக்கும்வரை தொடவே கூடாது. சைக்கிள் டியூப் கீற்று இதற்கு ஆகாது: முதலில் இளகி, பிறகு சட்டென்று விறைத்துவிடும். கண்டியில் மருத்துவ உபகரணக் கடைகளில் லேடெக்ஸ் டியூப் கேட்டுப் பார்க்கலாம். வெயிலில் வெடிப்பு விழும் என்பதால் துணி உறை போடுங்கள்.

படகு காற்றின் கோணத்தைத்தான் காக்கும், திசையை அல்ல. குடாவுக்குள் காற்று திரும்பினால் அதுவும் கரையை நோக்கித் திரும்பும். கண் எடுக்கக் கூடாது.

தண்ணீரில் விழுந்தால் கட்டிவிட்ட படகு நிற்காமல் போய்விடும். அதற்காக ஷீட்டை டில்லரில் இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சால் கட்டி, அதன் வாலில் 10 மீட்டர் மிதக்கும் பொலிப்ரொப்பலீன் கயிற்றைப் பின்னால் இழுபட விட்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஷீட் கழலும், ரப்பர் டில்லரை எதிர்ப்பக்கம் சாய்க்கும், படகு காற்றைப் பார்த்து நின்றுவிடும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

டாக் செய்யும்போது (மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்கும்போது) கப்பியையும் ரப்பரையும் பக்கம் மாற்றுவதுதான் இன்னும் இடைஞ்சல். இரு விளிம்பிலும் நிரந்தரக் கொக்கி போட வேண்டும். அதன்பின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் ஓட்டம். அங்கே நீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் இடிபாடுகள் மேலே வரும், சென்டர்போர்டைத் தூக்கியே ஓட வேண்டும். போர்டைப் பாதிக்குமேல் தூக்கினால் சமன் மாறும், ரப்பர் நீளத்தை மறுபடி பார்க்க வேண்டும்.